பட்டியலில் ஏறாத காமாக் கதிர் மூலங்களை எண்ணுவது எப்படி?

கேள்வி: கீழக்கரை மாணவி

எல்லோருக்கும் வணக்கம். இயற்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஊர் கீழக்கரை. ப்ராஜெக்ட்டுக்கு ஃபெர்மி காமாக் கதிர் தொலைநோக்கியின் தரவை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம் என்பது முதல் காரணம். இன்னொன்றும் உண்டு. எங்கள் மொட்டைமாடியில் நின்று தெற்கே கடல் பக்கம் பார்த்தால் வானம் நல்ல இருட்டு. காமாக் கதிரில் பார்த்தால் அந்த இடம் இருட்டே இல்லை, எல்லாத் திசையிலிருந்தும் மங்கலாக ஏதோ வந்துகொண்டே இருக்கிறது என்று படித்ததிலிருந்து வேறு தலைப்பில் மனசு போகவில்லை.

ஃபெர்மியின் நான்காம் பட்டியலைப் பார்த்தேன். முதல் 8 ஆண்டுத் தரவில் 5,064 மூலங்கள். அதில் 3,130-க்கு மேல் பிளேசார்கள் (நம்மை நோக்கித் தாரை வீசும் கருந்துளை கொண்ட தொலைதூர விண்மீன் மண்டலங்கள்), 239 பல்சார்கள் (வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள்). 1,336 மூலங்களை எதோடும் பொருத்த முடியவில்லை. இதுவரை புரிகிறது. அப்புறம் படித்த கட்டுரைகள், பட்டியலின் எல்லைக்கும் கீழே எத்தனை மூலங்கள் இருக்கின்றன என்று அளந்துவிட்டதாகச் சொல்கின்றன. கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால்தானே அவை பட்டியலில் இல்லை? அப்படியிருக்க எண்ணிக்கை மட்டும் எங்கிருந்து வந்தது?

என் வழிகாட்டியின் துறை திண்மநிலை இயற்பியல். பாவம், அவரும் என்னோடு சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். சமன்பாடுகளைப் பின்தொடர முடிகிறது. பாய்சான் பரவல் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்ததுதான். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. சாதாரண லேப்டாப்பை வைத்துக்கொண்டு இங்கிருந்தே இதைச் செய்ய முடியுமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: சாயல்குடி வாத்தியார்

நல்ல தலைப்பு எடுத்திருக்கிறாய் அம்மா. நீண்ட பதில் சொல்லக்கூடியவர்கள் பின்னால் வருவார்கள். நான் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் ஏறுவதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு மூலம் இருக்கிறது என்று வைத்து ஒரு பொருத்தம், இல்லை என்று வைத்து ஒரு பொருத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து வரும் மதிப்பு 25-ஐத் தொட்டால்தான் பெயர் ஏறும். ஏறத்தாழ 4 சிக்மாவுக்கு மேல். இவ்வளவு கடுமை எதற்கு? முழு வானத்தையும் துழாவும்போது, தற்செயலாக நாலு ஃபோட்டான் ஒரே இடத்தில் விழுந்து மூலம் மாதிரித் தெரியும் இடங்கள் நிறையக் கிடைக்கும். கோட்டைத் தாழ்த்தினால் போலிகள் உள்ளே வந்துவிடும். ஆகையால் மதிப்பு 16 வந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிச் சத்தியம் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதையும் பார். 1967-ல் ஏவிய ஓஎஸ்ஓ-3 செயற்கைக்கோள் மொத்தமே 621 காமாக் கதிர்களைத்தான் பதிவு செய்தது. 1999-ல் வந்த எக்ரெட் கருவியின் மூன்றாம் பட்டியலில் 271 மூலங்கள், அதில் 170 அடையாளம் தெரியாதவை. என் மாணவர்களிடம் இந்த எண்களை வரிசையாகச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லட்டும். எது என்று காட்ட முடியாத மூலங்களை மொத்தமாக எண்ணி வைத்து என்ன ஆகப்போகிறது?

பதில்: தங்கச்சிமடத்தான்

தங்கச்சி, நான் இந்தத் துறைக்கு வந்ததே நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியால்தான். சொந்த ஊர் தங்கச்சிமடம், இப்போது வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கருவி. 2008 ஜூன் 11-ல் ஃபெர்மி ஏவப்பட்டது. காற்று மண்டலம் காமாக் கதிரைக் கீழே விடாது என்பதால் 500 கி.மீ.க்கு மேலே சுற்றுகிறது. பூமத்திய ரேகைக்கு 25.6 டிகிரி சாய்ந்த பாதை. நம் கரை 9 டிகிரி வடக்கில் இருப்பதால் நம் தலைக்கு மேலும் கடந்து போகிறது. அதிலுள்ள லாட் என்ற கருவி ஒரே நேரத்தில் வானத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பார்க்கும், சுமார் 3 மணி நேரத்தில் முழு வானத்தையும் முடித்துவிடும். முக்கியமான விஷயம், ஃபோட்டான்கள் தனித்தனியாக வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரம், திசை, ஆற்றல் என்று ஒரு வரி. நாம் படம் என்று சொல்வதெல்லாம் அந்த வரிகளை வானத்தின் கட்டங்களில் போட்டு எண்ணியதுதான்.

ராத்திரி எங்கள் ஊர்க் கரையில் நின்று பாக் நீரிணைப் பக்கம் பாருங்கள். கிட்டே நிற்கும் படகுகளின் விளக்கை ஒவ்வொன்றாக எண்ணலாம். தூரத்தில் போனவை அடிவானத்தில் மங்கலான ஒரு வெளிச்சப் பட்டையாகச் சேர்ந்துவிடும். அதில் எது யார் படகு என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டை சீராக இருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று தெரியும். பெரிய விளக்கோடு சில படகுகள் போயிருந்தால் திட்டு அதிகம். சின்ன விளக்கோடு ஏகப்பட்ட படகுகள் போயிருந்தால் பட்டை சீராகிவிடும். இரண்டிலும் மொத்த வெளிச்சம் ஒன்றாகவே இருக்கலாம். அந்தத் திட்டில்தான் நமக்கு வேண்டிய தகவல் இருக்கிறது.

இனி கணக்கு. வானத்தைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரிக்கிறோம், ஒரு கட்டத்துக்குச் சராசரி 2 ஃபோட்டான் என்று வையுங்கள். வருவது முழுக்கச் சீரான பின்னணி என்றால் பாய்சான் பரவல்; அதில் வேரியன்ஸும் (எண்ணிக்கை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) 2, சராசரிக்குச் சமம்.

இப்போது அதே 2-ல் பாதியை மட்டும் சீரான பின்னணி தருகிறது, மீதிப் பாதி மூலங்களிடமிருந்து வருகிறது என்று வைப்போம். ஐந்து கட்டத்துக்கு ஒரு மூலம், ஒவ்வொன்றும் சராசரி 5 ஃபோட்டான். சராசரி மாறவில்லை. வேரியன்ஸ் எங்கே போகிறது பாருங்கள்: பின்னணிக்கு 1, மூலங்களுக்கு 0.2-ஐ 5-உம் 5-ன் வர்க்கமும் சேர்ந்த 30-ஆல் பெருக்கினால் 6. ஆக 7. சராசரியைவிட மூன்றரை மடங்கு. இந்த மூலங்களில் ஒன்றைக்கூட நீங்கள் தனியாகக் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள், ஆனால் அவை இருப்பது பரவலின் வடிவத்தில் வெட்டவெளிச்சம். காரணம் எளிது. சீரான பின்னணியில் ஒரு ஃபோட்டான் வந்ததால் அடுத்தது வருமா என்று எதுவும் சொல்ல முடியாது. மூலத்திலிருந்து ஒன்று வந்தால், அதே இடத்தில் இன்னொன்றும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு, அதை யாரும் உங்களுக்கு மறைக்கக் கூடாது. மேலே சொன்ன கணக்கிலேயே மூலங்களை மங்கலாக்கிப் பாருங்கள். கட்டத்துக்கு ஒரு மூலம், தலைக்கு 1 ஃபோட்டான் என்றால் வேரியன்ஸ் 3. கட்டத்துக்குப் பத்து மூலம், தலைக்கு 0.1 என்றால் 2.1. சீரான பின்னணிக்கும் அதற்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. ஒரு மூலம் சராசரி ஒரு ஃபோட்டானாவது அனுப்பாத வரை அதைப் பின்னணியிலிருந்து பிரிப்பது மிகவும் கடினம்.

2016-ல் ஸெக்லினும் கூட்டாளிகளும் 6 ஆண்டுத் தரவில், 1 முதல் 10 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள ஃபோட்டான்களை வைத்து இதைச் செய்தார்கள். அப்போதிருந்த மூன்றாம் பட்டியலின் எல்லையைவிடச் சுமார் பத்து மடங்கு மங்கலான மூலங்கள் வரை எண்ணிக்கை கிடைத்தது. அவ்வளவு மங்கலான ஒன்று ஆறு வருடத்திலும் லாட்டுக்குத் தருவது விரல்விட்டு எண்ணும் அளவு ஃபோட்டான்கள்தான். ஆறு வருடம்! எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

வாத்தியார் ஐயா கேட்டதற்கு: பெயர் வேண்டாத கேள்விகள் நிறைய இருக்கின்றன. வானமெங்கும் பரவிய காமாக் கதிர் எதனால் ஆனது என்பது அதில் முதலாவது. மூலங்கள் எல்லாம் ஒரே பிரகாசம், விண்வெளியில் சீராகப் பரவியிருக்கின்றன என்று வைத்தால், நீங்கள் நான்கு மடங்கு மங்கலான அளவு வரை பார்க்கும்போது எண்ணிக்கை எட்டு மடங்காகும். அப்படியே போய்க்கொண்டிருந்தால் வானத்தின் மொத்த வெளிச்சத்துக்கு முடிவே இருக்காது. பிரகாசத்துக்கு எதிரே எண்ணிக்கையை வரைந்தால் வரும் கோடு எங்காவது வளைந்தே ஆகவேண்டும். எங்கே வளைகிறது என்று தெரிந்தால், மொத்தத்தில் எவ்வளவு பங்கு மூலங்களுடையது என்று சொல்லிவிடலாம். 50 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இந்தக் கணக்கைப் போட்ட ஃபெர்மி குழு, பால்வெளிக்கு அப்பாலிருந்து வருவதில் சுமார் 86 விழுக்காடு புள்ளி மூலங்கள், பெரும்பாலும் பிளேசார்கள், என்று 2016-ல் சொன்னது. பிழை வரம்பு இரு பக்கமும் 15 புள்ளி போல உண்டு. மிச்சம் எவ்வளவோ அதற்குள்தான் கரும்பொருள் (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருள்) உட்பட மற்ற எல்லா யூகங்களும் அடங்க வேண்டும். ஒரு மூலத்தின் பெயர்கூடத் தெரியாமல் இவ்வளவு பெரிய கேள்விக்கு வேலி போட முடிகிறது.

பதில்: தொண்டிக்காரர்

நான் ஊட்டிப் பக்கம் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது தொண்டியில் இருக்கிறேன். இந்தக் கணக்கு எங்கே பிறந்தது என்பதையும் மாணவி தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

இது முதலில் ரேடியோ வானியலில் வந்தது. 1955-ல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் குழு 1,936 ரேடியோ மூலங்களைப் பட்டியலிட்டது. சிட்னியில் பெர்னார்ட் மில்ஸ் குழு அதே வானத்தின் ஒரு பகுதியை அளந்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. கேம்பிரிட்ஜ் கருவியின் பார்வை அகலம் அதிகம். பல மங்கலான மூலங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரே மூலமாகப் பதிவாகியிருந்தன. பெரிய சண்டை. அப்போது பீட்டர் ஷாயர் 1957-ல் ஒரு வழி சொன்னார். தனித்தனியாகப் பிரிக்கவே வேண்டாம், ரெக்கார்டர் கோடு எந்த அளவு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்ற பரவலை மட்டும் எடு, அதிலிருந்து மூலங்களின் எண்ணிக்கையைப் பின்னோக்கிக் கணக்கிடு என்றார். இன்று காமாக் கதிரில் செய்வதற்கு வேர் அதுதான்.

அதே சண்டையின் மிச்சக் கேள்விகளுக்கு ஊட்டியும் பதில் தேடியது. கோவிந்த் ஸ்வரூப் கட்டிய 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி, சந்திரன் மறைக்கும்போது மங்கலான ரேடியோ மூலங்களின் அளவை எடுத்தது. மூலம் மங்கலாக ஆக அதன் கோண அளவு எப்படி மாறுகிறது என்று ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975-ல் காட்டினார்கள். பிரபஞ்சம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. நம் தமிழ்நாட்டு மலைச்சரிவில் நடந்த வேலை இது. உங்கள் ப்ராஜெக்ட்டின் முன்னுரையில் ஒரு பத்தி கொடுங்கள்.

மறுமொழி: கீழக்கரை மாணவி

மூன்று பேருக்கும் நன்றி. முன்னுரையில் ஊட்டி நிச்சயம் வரும் ஐயா.

அண்ணன் சொன்ன இரண்டு வானத்தையும் பைத்தானில் போட்டுப் பார்த்தேன், தலா 10 லட்சம் கட்டம். வேரியன்ஸ் 2-உம் 7-உம் அப்படியே வந்தன. அதைவிட என்னை அசத்தியது காலிக் கட்டங்கள். சீரான வானத்தில் ஒரு ஃபோட்டானும் விழாத கட்டம் 13.5 விழுக்காடு. மூலங்கள் உள்ள வானத்தில் 30 விழுக்காடு. 6 அல்லது அதற்கு மேல் விழுந்த கட்டங்கள் முதலாவதில் 1.7 விழுக்காடு, இரண்டாவதில் 10.8. மூலம் இருக்கும் கட்டங்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். எதுவும் விழாத கட்டத்திலும் இவ்வளவு செய்தி இருக்கிறது.

எங்கள் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் சொல்வோம்) ஒருத்தர் சென்னையில் டேட்டா வேலை பார்க்கிறார். அவரிடம் காட்டியதும், நேராகப் பால்வெளி மையத்துக்கே போ, அங்கேதான் கரும்பொருள் சர்ச்சை நடக்கிறது, அதைச் செய்தால் பேர் வரும் என்கிறார். போகலாமா?

பதில்: தங்கச்சிமடத்தான்

காலிக் கட்டத்தைக் கவனித்தீர்களே, அதுதான் இந்த வேலைக்கு வேண்டிய கண்.

மையத்துக்கு இப்போது போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைச் சொல்கிறேன். 2009-லிருந்து அங்கே எதிர்பார்த்ததைவிட அதிகக் காமாக் கதிர் வருவது தெரியும். கரும்பொருள் தன்னைத்தானே அழித்துக்கொள்வதாலா, அல்லது தனித்துத் தெரியாத மில்லிசெகண்ட் பல்சார்களின் கூட்டமா என்று கேள்வி. 2016-ல் இரண்டு குழுக்கள், ஒன்று நாம் பேசும் இந்த ஃபோட்டான் எண்ணிக்கை முறையாலும் மற்றொன்று வேவ்லெட் முறையாலும் (படத்தில் குறிப்பிட்ட அளவுள்ள திட்டுகளை மட்டும் பிரித்தெடுக்கும் கணக்கு), புள்ளி மூலங்கள் பக்கம் சாய்ந்தன. பிறகு 2019-ல் ரெபெக்கா லீனும் ட்ரேசி ஸ்லாட்யரும் ஒரு சோதனை செய்தார்கள். உண்மைத் தரவுக்குள் தாங்களே கரும்பொருள் சிக்னல் ஒன்றைச் செயற்கையாகச் சேர்த்து, முறையை ஓட்டினார்கள். சேர்த்ததை அது திருப்பிக் கண்டுபிடிக்கவில்லை, அதையும் புள்ளி மூலங்களின் கணக்கிலேயே எழுதிவிட்டது. ஸ்லாட்யர் 2016-ல் எண்ணிக்கை முறையைப் பயன்படுத்திய குழுவிலும் இருந்தவர். தன் முடிவைத் தானே இவ்வளவு கடுமையாகச் சோதித்தவரை நான் மனசார மதிக்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது? லாட் பார்க்கும் ஃபோட்டான்களில் பெரும்பங்கு பால்வெளியிலிருந்தே வருகிறது. காஸ்மிக் கதிர்ப் புரோட்டான்கள் வாயு மேகங்களில் மோதும்போது பையான்கள் பிறந்து, சிதைந்து, காமாக் கதிராகின்றன. அந்த வாயு சீராக இல்லை. நாம் போடும் பின்னணி மாதிரி (மாடல்) மேகத்தின் ஒரு மூலையைத் தவறவிட்டால் அங்கே ஒரு திட்டு மிஞ்சும், முறை அதை மூலம் என்று எண்ணிவிடும். மையத்தில் இந்தச் சிக்கல் உச்சம்.

ஆகையால் பால்வெளித் தளத்திலிருந்து 30 டிகிரிக்கு மேலும் கீழும் உள்ள பகுதியை மட்டும் எடுங்கள். வானத்தில் சரிபாதி மிஞ்சும், போதும். ஹீல்பிக்ஸ் (வானத்தைச் சம பரப்புக் கட்டங்களாகப் பிரிக்கும் முறை) கட்டங்களில் nside 64 என்று வைத்துத் தொடங்குங்கள். முழு வானத்துக்கு 49,152 கட்டம், உங்களுக்கு அதில் பாதி. லேப்டாப் திணறாது. வாராந்தர ஃபோட்டான் கோப்புகளை இறக்குவதுதான் நேரம் எடுக்கும், அதை கூகுள் கோலாபில் வைத்துச் செய்துகொள்ளலாம். இந்த எண்ணிக்கை முறையைச் செய்யும் என்பிடிஃபிட் என்ற பைத்தான் நிரல் இலவசமாகக் கிடைக்கிறது.

மூன்று இடத்தில் விழிப்பாக இருங்கள். 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு மூலத்தின் ஃபோட்டான்கள் சுமார் 0.8 டிகிரிக்குச் சிதறும், நிலாவின் விட்டமே அரை டிகிரிதான். பக்கத்துக் கட்டங்களில் சிந்தும் இந்த ஃபோட்டான்கள், ஒரு பிரகாசமான மூலத்தைப் பல மங்கலான மூலங்களாகக் காட்டும். நிரலில் இதற்கான திருத்தம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். 2015-ல் வந்த பாஸ் 8 தரவு, ஃபோட்டான்களைத் திசைத் துல்லியத்தைப் பொறுத்து நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. அதில் சிறந்த வகையை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் சிதறல் நன்றாக அடங்கும். நான் அதைத்தான் எடுப்பேன்.

அடுத்து பூமி. நம் காற்று மண்டலமே காஸ்மிக் கதிர் பட்டுக் காமாக் கதிரில் ஒளிர்கிறது. உச்சியிலிருந்து 90 டிகிரிக்கு மேல் கோணத்தில் வந்த ஃபோட்டான்களை வெட்டிவிடுங்கள். நிலாவும் சூரியனும்கூடக் காமாக் கதிரில் ஒளிர்பவை, அவை இரண்டும் போகும் பாதையையும் மனதில் வையுங்கள்.

கடைசியாக, எல்லா இடத்தையும் லாட் சமமான நேரம் பார்த்ததில்லை. 2018 மார்ச்சில் அதன் சூரியத் தகடு ஒன்றின் சுழற்சி நின்றுபோனதால் பார்க்கும் முறையையே மாற்றினார்கள். கட்டத்துக்குக் கட்டம் பார்த்த நேரம் வேறுபட்டாலே வேரியன்ஸ் ஏறும், மூலம் ஒன்றும் இல்லாமலே. ஒவ்வொரு கட்டத்துக்கும் எக்ஸ்போஷர் வரைபடத்தை (எந்தக் கட்டத்தை எவ்வளவு பார்த்தது என்ற கணக்கை) சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

உண்மைத் தரவைத் தொடும் முன்னால் நீங்களே ஒரு செயற்கை வானம் செய்யுங்கள். எத்தனை மூலம் வைத்தீர்கள் என்று உங்கள் வழிகாட்டிக்கு மட்டும் தெரியட்டும். நிரல் அந்த எண்ணைத் திருப்பித் தருகிறதா என்று பாருங்கள். பின்னணி மாதிரியை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்து மறுபடி ஓட்டுங்கள். விடை எவ்வளவு நகர்கிறதோ அந்த அளவைப் பிழை வரம்பாக எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு ஃபெர்மி கோப்புகளைத் திறக்கலாம். செயற்கை வானத்து வரைபடம் தயாரானதும் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.